மாம்பழப்பட்டில் இறங்கவும்

திண்டிவனத்து ராஜாங்கம் விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தார். தினமும் காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவார். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நடுவில் நாலே ஸ்டேஷன். ஆனால் ரயில்வே கால அட்டவணையைக் கையில் எடுத்தால் சாப்பாடு மறந்துவிடும். விழுப்புரத்திலிருந்து பிரியும் ஐந்து பாதைகளிலும் எந்த ஊருக்கு என்ன கட்டணம், எந்த ஸ்டேஷனிலிருந்து அதன் ஊருக்கு எத்தனை மைல் நடக்கவேண்டும் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். அதில் முக்கால்வாசி ஊரை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

1959 வைகாசியில், விழுப்புரத்தை அடுத்த காணைக்கு மேற்கே கரும்பு பயிரிடும் முருகையன் தம் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். மாப்பிள்ளை வீடு திருவண்ணாமலை. "விழுப்புரம் ஜங்ஷன்ல எறங்கணும்னு கீழ போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்துக் கோக்கும்போது ராஜாங்கத்தின் கை நின்றது. திருவண்ணாமலை வண்டி விழுப்புரத்துக்கு முன்பே மாம்பழப்பட்டில் நிற்கும். அங்கிருந்து பெண் வீட்டுக்கு மாட்டுவண்டியில் அரை மணி. ஜங்ஷன் வரை போய் எதற்குத் திரும்பி வரவேண்டும்? கட்டணமும் குறைச்சல். யாரையும் கேட்காமல், 'மாம்பழப்பட்டில் இறங்கவும்' என்று கோத்துவிட்டார். பத்திரிகைகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முருகையன் அச்சகத்துக்குள் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாருய்யா உன்ன இத்தப் போடச் சொன்னது? ஜங்ஷன்ல நாயனம் வச்சி, டவுன் ஜனமெல்லாம் பாக்க சம்பந்திய அழைச்சிக்கினு போவணும்னு இருக்கேன். நீ என்னான்னா பாதியில எறக்கி உட்டுட்ட!"

ராஜாங்கம் மைலையும் கட்டணத்தையும் பார்த்தாரே தவிர, ஒரு தகப்பன் மனசில் என்ன இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

"தப்புதாங்க. நானே திருவண்ணாமலைக்குப் போயி அவங்கள ஜங்ஷனுக்கே இட்டுக்கினு வர்றேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் திருவண்ணாமலை வண்டி ஏறினார். அந்தப் பாதையில் அவர் போவது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற ஸ்டேஷன் பெயரையெல்லாம் தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனார். திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுப் பாலம் அவர் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. தண்டரையில் ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் இறங்கவில்லை. திட்டு வாங்கியதால்தானே இதெல்லாம் கிடைத்தது என்று தோன்றியபோது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

திருவண்ணாமலை பிளாட்பாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் கூடை, மூட்டையோடு நின்றிருந்தார்கள். ராஜாங்கம் விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளையின் பெரியப்பா வெங்கடாசலம் கையை விரித்தார்.

"மாம்பழப்பட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டோமே. அத்தத் தாண்டிப் போனா ஃபைன் போடுவாங்களே?"

"போட மாட்டாங்க. மாம்பழப்பட்டு வர்றதுக்கு முந்தியே கார்டுகிட்ட சொல்லிட்டா, மிச்ச தூரத்துக்கு மட்டும் குடுத்தா போதும்."

திருக்கோவிலூரில் வண்டி நின்றதும் ராஜாங்கம் இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு ஓடினார்; வெங்கடாசலமும் பின்னாலேயே வந்தார். கார்டிடம் சொல்லிச் சீட்டு எழுதவைத்தார். பணத்தைத் தாமே கொடுக்கப் போனவரின் கையை வெங்கடாசலம் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காவ நாயனம் வச்சிக் கூப்புட்றாரு. இத்த நாங்க குடுக்கறதுதாங்க மரியாத."

வண்டி ஜங்ஷனுக்குள் நுழைந்தபோதே நாயனம் கேட்டது. போர்ட்டர்கள்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முருகையன் பட்டுத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்பந்திகளைக் கும்பிட்டார். மறுநாள் பந்தியில் ராஜாங்கத்தின் இலைக்கு முன் முருகையன் தாமே நெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"ஏய்யா, காசிக்குப் போவணும்னா எந்தப் பக்கமா போவறது?"

நெய் இலையில் வழிந்துகொண்டிருந்தது. ராஜாங்கம் எழும்பூரில் இறங்குவதிலிருந்து ஆரம்பித்தார்.

நாலு வருஷம் கழித்து முருகையனும் மனைவியும் ராஜாங்கம் வழி எழுதிக்கொடுத்த தாளை வைத்துக்கொண்டே காசிக்குப் போய்வந்தார்கள். திரும்பிய மூன்றாம் நாள் காலையில் முருகையன் கங்கைச் சொம்போடு அச்சகத்துக்கு வந்தார். எந்த ஸ்டேஷனில் என்ன விற்றார்கள், எங்கே பாஷை மாறியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ராஜாங்கம் எழுத்துப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் மூன்று மணியாகியும் முருகையனின் வண்டி இன்னும் ஆந்திராவில் பெஜவாடாவைத் தாண்டவில்லை.