தேய்ந்துபோன கடைசி எண்

வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, மகளின் தாலிக்குப் பொன்னுருக்க எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு வந்த ஆசாரி, “செத்த நேரத்துல ராகுகாலம் வந்துரும், அண்ணாச்சி” என்றார். உருக்க வேண்டியது, என் மாமனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அமெரிக்கத் தங்கக் காசு. வருடத்தில் 193 மட்டும் தெரிந்தது. கடைசி எண் தேய்ந்திருந்தது.

முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சொல்லியிருந்தேன். ஒடிசலான மனிதர், பழைய காசு சேர்ப்பவர். கண்டக்டர் தந்த சில்லறையைக்கூட விளிம்பில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“முப்பத்து மூணுன்னா, அம்புட்டையும் அமெரிக்க அரசாங்கமே உருக்கிருச்சு. தப்பினது விரல் விட்டு எண்ணுற அளவுதான். ஒண்ணக் கண்ணால பாத்துட்டா பொறவு எனக்கு வேற ஆசையில்ல. நாளைக்கு வாரேன், உருக்கிராதீக” என்றார்.

பத்தரை நெருங்கியும் அவரைக் காணோம். ராகுகாலத்தில் உருக்கினால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, “உருக்குங்க” என்றேன்.

பதினொரு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து அவர் வந்தார். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். ஆசாரியின் கையிலிருந்த பொன் உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன எண்ணுன்னு தெரியாமப் போனதே நல்லது, அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் தூக்கம் போயிருக்கும்” என்றார்.