தலைகீழாக நட்ட தும்புத்தடிகள்

விடுதியில் கடல் தெரிகிற அறைதான் வேண்டுமென்று கேட்டவரா நீங்கள்? அப்படியானால் கண்டக்குழி ஜெய்னம்புவை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது அவர் குமர்ப்பெண். அகதி முகாமில் நிக்காஹ் நடந்தது. கணவர் ஸலாஹுதீன் கடலுக்குப் போனார். ஜெய்னம்பு கருவாடு காயவைத்தார். யுத்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்ப் பார்த்தார்கள். வீடிருந்த இடத்தில் காடு. திரும்பி வந்து கண்டக்குழிக் கடற்கரையில், நான்கு சவுக்கு மரங்களுக்குப் பின்னால் ஒரு கல்வீடு கட்டினார்கள். இனி எழும்பிப் போவதில்லை என்று கட்டிய வீடு.

அந்தச் சவுக்குகளுக்கு அடியிலிருந்தே கொப்புகள் இருந்தன. ஆண்டுதோறும் கச்சான் காற்று கடலிலிருந்து அறையும்போது ஒவ்வொரு கொப்பும் தன் போக்கில் ஆடும். ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று குலைக்கும். மரம் விழாமல் நின்றுவிடும்.

பிறகு விடுதி வந்தது. கரைக்காணியும் மரங்களும் அதற்குச் சொந்தமாயின. அறைகளிலிருந்து கடல் தெரியவில்லையென்று கீழ்க்கொப்புகளை முழுவதும் வெட்டினார்கள். உச்சியில் ஒரு கொத்து மட்டும் மிஞ்சியது.

“பாரன் ஜெய்னம்பு, கூட்டுற தும்புத்தடியத் தலைகீழா நட்டு வெச்ச மாதிரி நிக்குது” என்றார் பக்கத்து வீட்டு ஜூலியானா.

“நிக்கட்டும். எனக்கு விறகுக் கவல இல்ல” என்று சிரித்தபடி ஜெய்னம்பு கொப்புகளை வீட்டுக்கு இழுத்துப் போனார்.

காற்றின் பாரமெல்லாம் உச்சியில் விழுந்தால், நீண்ட தண்டு அடிவேரைக் கிளப்பிவிடும். அலவாங்கு என்கிற கடப்பாரையால் கல் பெயர்ப்பதும் இதே கணக்குத்தான். அடுத்த கச்சான் காலத்தில், ஒரு நண்பகல், ஒரு மரம் வீட்டுக் குசினியின் மேல் விழுந்தது. உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஸலாஹுதீனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று.

மீதி மூன்று மரங்கள் அதே கோலத்தில் வீட்டுக்கு எதிரே நிற்கின்றன. ஜெய்னம்பு விடுதி முகாமையாளர் நளீமிடம் போனார்.

“தம்பி, அந்த மூணையாவது பாதியில நறுக்கிவிடுங்க.”

“மொட்ட மரத்த ஆரு ராத்தா படம் புடிப்பாங்க? பனைக்கும் தலையிலதானே ஓல. அது விழுதா?”

“என்ட மனுசன் படுத்துக் கிடக்கார்.”

“அது நஸீபு. கொப்பு அள்ளக்குள்ள சந்தோசமாத்தானே இருந்தீங்க?”

ஜெய்னம்பு அரசாங்கக் கந்தோருக்கு முறைப்பாடு கொடுக்கப் போனார்.

நளீமுக்கு நான் பதில் சொல்கிறேன். பனை முளைத்ததிலிருந்தே தலையில் மட்டும் ஓலை சுமந்து, அதற்கேற்பத் தண்டையும் வேரையும் வளர்த்துக்கொண்ட மரம். சவுக்கை அப்படி ஆக்கியது ஒரு கத்தி. கத்தியைக் கொடுத்தனுப்பியது விடுதி. இதற்கு விதியென்று பெயர் வைப்பவன் தன் கையைக் கழுவிக்கொள்கிறான். விறகு பொறுக்கியவளா குற்றவாளி?

முறைப்பாடு கொடுத்த கந்தோரில், மீதி மரங்கள் விழுந்தால் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

இப்போது காற்று எழும்பினால் ஜெய்னம்புவும் ஜூலியானாவும் ஸலாஹுதீன் கிடக்கும் கட்டிலைப் பின்சுவரோரம் தள்ளுகிறார்கள். அந்த மரங்களின் நீளத்துக்கு எந்தச் சுவரும் தூரமில்லை. அது மூவருக்கும் தெரியும்.

“தள்ளித் தள்ளி என்னை மன்னாருக்கே கொண்டு போயிருவீங்க போல” என்கிறார் ஸலாஹுதீன்.

அந்தக் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கத்தான் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். நீங்களும் வருவீர்கள். அறை கேட்கும்போது, படத்தில் மரம் மொட்டையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முதலில் அந்த மூன்று மரங்களையும் பாதியில் நறுக்குங்கள் என்று சொல்லுங்கள். ஜெய்னம்பு சொல்லிப் பார்த்துவிட்டார். கச்சானுக்கு முன் நீங்கள் சொல்லுங்கள்.