அஞ்ஞானி: இருபத்து மூன்று திருத்தங்கள்

1. ஆள் மாறிப் போன ப்ரூஃப்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் டிடிபி வேலை பார்த்தேன். தட்டச்சு, பக்க அமைப்பு, ப்ரூஃப், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே நாற்காலியில். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என் தவறுகளைத் தைரியமாகச் சொல்லலாம்.

அந்த வாரம் என் மேசையில் இரண்டு வேலைகள். ஒன்று ஜெஞ்சாரோம் பக்கத்து மாரியம்மன் கோவிலின் கும்பாபிஷேக மலர். மற்றது கிள்ளானில் ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் ஸ்டீபன் அங்கிள் ஆங்கிலத்தில் எழுதி, நான் தமிழாக்கிய புத்தகம். ஆதிகாலத்தில் எகிப்துக் கிராமங்களில் கிறிஸ்தவம் எப்படி வேர்பிடித்தது என்பது விஷயம். மலரின் ப்ரூஃபை வாங்க வந்த கோவில் தலைவர் முருகையாவிடம் அவசரத்தில் கிறிஸ்தவப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முதலாளி நாதனிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நல்ல ஆளாப் பாத்துத்தான் குடுத்துருக்க வசந்தா. அவங்க ரெண்டு பேரும் கூடப்பொறந்த அண்ணன் தம்பிலா. அப்பா சாவுல தம்பி வாய்க்கரிசி போடலன்னு ஆரம்பிச்சது. ஒம்பது வருசமாப் பேச்சே இல்ல.”

2. டெக்னிக்கல் டெர்ம்

அந்தப் புத்தகத்தில், பல தெய்வங்களை வணங்குபவரைக் குறிக்கும் ‘பேகன்’ என்ற ஆங்கிலச் சொல் இருபத்து மூன்று இடங்களில் வரும். பழைய வேதப் புத்தகங்களில் உள்ளபடி ‘அஞ்ஞானி’ என்றே போடச் சொல்லியிருந்தார் ஸ்டீபன் அங்கிள்.

“அறிவில்லாதவன்னு அர்த்தம் வருதே அங்கிள், வேற போடலாமா?” என்று அப்போதே கேட்டேன்.

“அது டெக்னிக்கல் டெர்ம்மா. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்பவர் பெரும்பாலும் அந்தச் சொல்லால் அடிபடாதவராகவே இருப்பார். நான் இந்து. இருபத்து மூன்று முறை என்னையே அஞ்ஞானி என்று தட்டச்சு செய்தேன், ஒரு பிழையும் இல்லாமல்.

மற்றபடி புத்தகம் சுவாரசியமானது. எகிப்துக்காரர்கள் ஆற்றுக்கு விளக்கேற்றினார்கள். பிறகு ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகும் காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டு மாலையில் பழைய கிணற்றடிக்குப் போனார்கள். பழைய கோவில் தூணிலேயே சிலுவையைச் செதுக்கி, அதே கட்டடத்தில் ஜெபம் செய்தார்கள். ஆயர்கள் திட்டித் தீர்த்தார்கள். திட்டு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததிலிருந்தே ஜனங்கள் எவ்வளவு கேட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் ‘அஞ்ஞானத்தின் எச்சம்’ என்று அங்கிள் கடுமையாகக் கண்டித்திருந்தார். அந்த அத்தியாயத்தைக் கொடுக்கப் புதுக் காரில் வந்தார். நான்கு டயரிலும் எலுமிச்சம்பழம் நசுங்கியிருந்தது. “அது நம்ம கல்ச்சர்மா” என்றார்.

3. சிவப்புப் பேனா

மூன்றாம் நாள் முருகையா வந்தார். ப்ரூஃபை மேசையில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

“இருக்கட்டும்மா. நல்லாத்தான் எழுதிருக்கான். ஒற்றுப் பிழைதான் நெறைய. திருத்திட்டேன்.”

மலரின் ப்ரூஃபை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ‘க்’ விட்ட இடத்தில் ‘க்’, ‘ப்’ விட்ட இடத்தில் ‘ப்’. ‘அஞ்ஞானிகள்’ என்று வந்த இடத்தில் மட்டும் அதை அடித்துவிட்டு, மேலே ‘நம்ம அப்பா’ என்று எழுதியிருந்தார்.

‘நம்ம அப்பா மரத்தையும் கல்லையும் வணங்கினார்.’ ‘நம்ம அப்பா இருளில் நடந்தார்.’ ‘ஆயர் நம்ம அப்பாவைக் கடிந்துகொண்டார்.’ இருபத்து மூன்று இடங்களிலும் இப்படித்தான்; தேவைப்பட்ட இடத்தில் வினைமுற்றைக்கூட ஒருமைக்கு மாற்றியிருந்தார். கோபத்திலும் இலக்கணம் தவறாத மனிதர்.

“இதக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா ப்ரிண்ட் எடுத்துக் குடு. தம்பி பாத்தா வேலைய வேற எடத்துக்குக் கொண்டு போயிடுவாரு. அப்பறம் நீயும் அங்கயே போக வேண்டியதுதான்” என்றார் நாதன்.

என் அப்பா ரவாங்கில் மரத்தடி முனியாண்டிக்குச் சுருட்டு வைத்தவர். ஸ்டீபன் அங்கிள் வந்தபோது சிவப்பு மை ப்ரூஃபையே எடுத்துக் கொடுத்தேன். முப்பது வருடத்தில் முதலாளி பேச்சை மீறியது அன்றுதான்.

முதல் பக்கத்திலேயே கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். “எங்கண்ணன். சின்ன வயசுலயும் என் கட்டுரைய இப்படித்தான் திருத்துவாரு.” சிரித்தபடிதான் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். நாதன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வேதத்துல சேந்தப்ப அப்பா தடுக்கலம்மா. ஞானஸ்நானத்துக்கு வெள்ளச் சட்ட தெச்சுக் குடுத்ததே அவர்தான்.”

“அத எழுதலையே அங்கிள்.”

அங்கிள் கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை; மனப்பாடமாக அழுத்தினார்.

“அண்ணே, நான்தான். பாத்தேன். என்ன வார்த்த போடலாம், நீங்களே சொல்லுங்க.”

4. மூன்று மணி நேரக் கூட்டம்

சனிக்கிழமை இருவரும் அச்சகத்துக்கு வந்தார்கள். ஒன்பது வருடம் பேசாதவர்கள் ஒரே சொல்லைப் பற்றி மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் அகராதியைப் பார்த்து, ‘பேகன்’ என்பதன் லத்தீன் மூலத்துக்குக் கிராமத்தான் என்றுதான் முதலில் பொருள் என்று சொன்னேன்.

“அப்ப எஸ்டேட்காரன்னு போடு. நீயும் அதுல வந்துருவ” என்றார் முருகையா, எஸ்டேட்டில் தன்னோடு வளர்ந்த தம்பியிடம்.

கடைசியில் ‘ஊர் ஜனங்கள்’ என்று முடிவானது. கம்ப்யூட்டரை நம்பி மொத்தமாக மாற்றினேன். ‘ஊர் ஜனங்கள்களை’ என்று வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினேன். முன்னுரையில் அந்த வெள்ளைச் சட்டையும் சேர்ந்தது.

யாரும் யார் மதத்துக்கும் மாறவில்லை. புத்தக வெளியீட்டில் முருகையா முதல் வரிசையில் உட்கார்ந்து, ஜெபத்தின்போது கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். கும்பாபிஷேகத்துக்கு ஸ்டீபன் அங்கிள் அன்னதானத்துக்கு மட்டும் வந்தார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ப்ரூஃபை எழுதியவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும். வரி விடாமல் படிப்பவர்கள் அவர்கள்தான்.