வானத்தில் போன பச்சை வெளிச்சம்

எங்கள் பக்கத்தில் தூரத்தில் பெரிதாக ஏதாவது சத்தம் கேட்டால் யாரும் இடி என்று நினைக்க மாட்டார்கள். பட்டாசு ஆலை இருக்கும் திசையைத் திரும்பிப் பார்ப்பார்கள். புகை எழும்புகிறதா என்று தேடுவார்கள். மழையைப் பற்றிய யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது என் அப்பா அப்படி ஓர் ஆலையில்தான் வேலை பார்த்தார்.

தை மாதம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு பருத்திக் காட்டில் இருந்தேன். நானும் பருத்தி எடுக்கிறேன் என்று பேர்தான். உண்மையில் வரப்பில் மல்லாந்து கிடந்தேன். அம்மா சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் அந்த வரிசையை முடித்துவிட வேண்டும் என்று குனிந்த தலை நிமிராமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது வந்தது. மேற்கே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அதையும் மீறிப் பச்சையாக ஓர் உருண்டை, வாலை இழுத்துக்கொண்டு, தலைக்கு மேலே சத்தமே இல்லாமல் போனது. போகப்போக வெள்ளையாகி, கிழக்கே துண்டு துண்டாக உடைந்து அணைந்தது. பருத்திச் செடிகளின் நிழல் தரையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததைப் பார்த்தேன்.

"அம்மா, வானத்துல என்னமோ போச்சு!"

"மின்னிருக்கும். எந்திச்சு வந்து ரெண்டு காயாவது எடுட்டி."

மின்னல் இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சத்தம் வந்தது. காலுக்குக் கீழே கரிசல் மண் அதிர்ந்தது. பக்கத்துக் காட்டில் ஆடுகள் சிதறி ஓடின. அம்மா நிமிர்ந்தாள். சத்தம் வந்தது கிழக்கிலிருந்து. ஆலையும் கிழக்கேதான். லோடு ஏற்றும் வேலை இருக்கிறது, வர நேரமாகும் என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மாவின் மடி அவிழ்ந்து பருத்தியெல்லாம் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போன் கொண்டு போகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டாள்.

ரோட்டோரத்தில்தான் சித்தப்பா வீடு. அவர் உள்ளேயிருந்து சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து பைக்கை எடுத்தார்.

"மதினி, ஏறுங்க. ஒண்ணும் ஆயிருக்காது."

அவர் குரலே சரியில்லை. எனக்கோ வேறு கவலை. இவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்த்திருக்கிறேன், ஒருவராவது என்னவென்று கேட்க வேண்டாமா? இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, வழி நெடுக பச்சை உருண்டையைப் பற்றிச் சித்தப்பாவின் முதுகிடம் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா ஏதோ முனகிக்கொண்டே வந்தாள். எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று என் காதில் விழவில்லை.

ஆலை வாசலில் ஒரே கூட்டம். அம்மா பைக் நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டாள். ஆனால் புகை இல்லை. கூட்டத்தில் எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அப்பா, உடம்பெல்லாம் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து மின்ன, கையை நீட்டி யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தார்.

"ராக்கெட்டுன்னா இம்புட்டுத் தாழ்வாவா போவும்? இது பறக்கும் தட்டுதான் அண்ணாச்சி."

அம்மா நேரே போய் அப்பாவின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அத்தனை பேர் முன்னால்.

"ஒரு போன் போட்டுச் சொன்னா என்ன? தட்டாம் தட்டு!"

சொல்லிவிட்டு அழுதாள். உடனே சிரித்தாள். அப்பாவின் சட்டைக் கையை விடவே இல்லை. இன்னும் ஆட்டோவிலும் சைக்கிளிலும் பெண்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் கூட்டத்துக்குள் புகுந்து ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகுதான் மேலே பார்த்தாள். மேலே ஒன்றுமே இல்லை. நட்சத்திரம் ஒன்றிரண்டு முளைத்திருந்தது.

மறுநாள் பேப்பரில் அது எரிகல் என்றும், சத்தமும் அது உடைந்த சத்தம்தான் என்றும் போட்டிருந்தார்கள். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எரிகல்லுக்கு ஜன்னல் இருக்குமாவே?" என்று டீக்கடையில் எல்லோரையும் மடக்கினார். அது போகும்போது அவர் வீட்டுக்குள் இருந்தார். ஜன்னலைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

அன்று ராத்திரி ஆலையிலிருந்து திரும்பும் வழியில் அம்மா தானாகவே கடையில் நிறுத்தச் சொல்லிச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கினாள். வீட்டில் சோறு வைக்கும்போது ஏதோ பாட்டுக்கூடப் பாடினாள். நான் மிட்டாயைக் கடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே பார்த்த ஒன்றை இவள் மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாள். அதற்குக் கொஞ்சமாவது வருத்தம் வேண்டாமா? இவளுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.