அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி

அண்ணன் வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு பெரிய ஆணிகள் உண்டு. அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி அவற்றின்மேல்தான் கிடந்தது. இன்றும் அந்த ஆணிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பூதப்பாண்டிக்கு மேலே மலையடிவாரத்தில் எங்கள் வாழைத்தோட்டம். பன்றி இறங்கும் என்பதால் அப்பா லைசென்ஸ் வாங்கியிருந்தார். அண்ணன் துபாயில் இருந்த காலமெல்லாம் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டவள் நான். "மக்கா, உனக்க கை ஆடாது" என்று அப்பா ஒருமுறை சொன்னதை நம்பி, அது எனக்குத்தான் என்று இருந்தேன். அப்பா போனதும் அண்ணன் வந்து இறங்கினான். லைசென்ஸ் அவன் பெயருக்கு மாற என் சம்மதம் வேண்டியிருந்தது. "பொம்பளைக்கு எதுக்குட்டி தோக்கு?" என்றார் சித்தப்பா. கையெழுத்துப் போட்டேன்.

தோட்டம் ஆளுக்குப் பாதியானது. பக்கத்துத் தோட்டக்காரர் இருவர் பங்கிலும் வேலியைத் தள்ளிப் போட்டார். நான் நடையாய் நடந்து பேசினேன். எங்கள் பக்கத்தில் மதிப்பான ஆள் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடுவார்கள். அந்தத் தோட்டக்காரர் என்னைக் கண்டு அவிழ்க்காமலே, "பாப்போம்" என்றார். அண்ணனுக்கு ஒழுங்காகச் சுடக்கூடத் தெரியாது. தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தான், அவ்வளவுதான். மறுநாள் அவன் பங்கு வேலி மட்டும் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒரு தேர்தலின்போது அண்ணனுக்கு முட்டுவலி. ஆட்டோவை விட்டு இறங்கியதும், "ஏட்டி, இத நீ பிடி" என்று என் கையில் தந்துவிட்டு நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான். டீக்கடையில் அந்தத் தோட்டக்காரர் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். வேட்டியை அவிழ்த்து விட்டார். "சொகந்தானா பிள்ளே?" என்றார். அதற்குப் பிறகு ஸ்டேஷன் வாசல்வரை நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒப்படைத்துவிட்டு அதே வழியாகத் திரும்பினோம். சூட்டோடு சூடாக, "அந்த வேலி விசயம்..." என்று அவரிடம் ஆரம்பித்தேன். வேட்டி மறுபடி முட்டுக்கு மேல் ஏறியிருந்தது. "பாப்போம்" என்றார்.

அண்ணன்மேல் இருந்த பொறாமை அன்றோடு போயிற்று. என் இத்தனை வருடப் பேச்சுக்கு இறங்காத வேட்டி ஓர் இரும்புக்கு இறங்கியதே என்று, அந்த இரும்பின்மேல்தான் இப்போது பொறாமை.

முட்டுவலி முற்றி, துப்பாக்கியே வேண்டாமென்று அண்ணன் நிரந்தரமாக ஒப்படைத்துவிட்டான். போன மாதம் அவன் பங்கிலும் வேலி நகர்ந்துவிட்டது. "நீ போயி அவருகிட்ட பேசுட்டி, உனக்குத்தான் பேச வரும்" என்கிறான். அண்ணி அந்த ஆணிகளில் காலண்டர் மாட்டியிருக்கிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு, "பாப்போம்" என்றேன்.