வெள்ளிக்கிழமைப் பொட்டு

பொட்டு வைக்க சம்பங்கி மோதிர விரலை எடுப்பதில்லை. கட்டை விரல்தான். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியில் ஓர் உருண்டை எடுத்து, வைத்து ஓர் அழுத்து. அழுத்தியபடியே வலப்பக்கமாக ஒரு திருகு. விரலை எடுத்தால் வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் ஒட்டியிருக்கும். அதன் நடுவில் துளி குங்குமம். இன்ஜினுக்கு ஒன்று, பேட்டரிப் பெட்டிக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, தண்ணீர் பம்புக்கு ஒன்று. கடைசியாக, தண்ணீர்த் தொட்டியின் மூலையில் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கும் பித்தளைக் குமிழுக்கும் ஒன்று.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் முப்பத்திரண்டு மெஷினுக்குப் பொட்டு வைத்த கை. அந்த லைனை மூடி ஆட்களை அனுப்பிய பிறகு, கெலவரப்பள்ளி அணையில் ஆகாயத்தாமரை அள்ளும் ஒரு காண்ட்ராக்டரின் படகுக்கு மெக்கானிக்காக வந்தார். மெஷின் மாறியது, விரல் மாறவில்லை.

பொட்டை யாரும் தொடக்கூடாது. படகு கழுவும் பாப்பம்மா ஒரு தடவை துணியால் துடைத்துவிட்டாள்.

"உன் நெத்தியில இருக்கறத நான் வந்து தொடச்சா சும்மா இருப்பியா?"

"தொடச்சுத்தான் பாருண்ணா. எங்க வீட்டுக்காரரு உனக்கு எங்கெங்க பொட்டு வெப்பாருன்னு தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பங்கி மட்டும் மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாப்பம்மா வரவில்லை. சிங்காரப்பேட்டையில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். படகில் மூன்று பேர். ஓட்டுவதற்கு ராமப்பன், தாமரைக் கொடி இழுப்பதற்கு மேகலா, சம்பங்கி. மேகலாவுக்கு அதுதான் கடைசி நாள். ஒரு போன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மணல் பருமன் உதிரிகளை லென்ஸில் பார்த்துப் பொருத்தும் வேலை. திங்கட்கிழமை கண் டெஸ்ட், அது மட்டும்தான் பாக்கி.

"சம்பளம் வந்தா எங்களுக்கெல்லாம் பிரியாணி உண்டா, இல்ல போன் நம்பரையே மாத்திடுவியா?" என்று கேட்டான் ராமப்பன்.

"மொதல்ல இந்த நாத்தம் என் தலைமுடிய விட்டுப் போவட்டும்ணா."

பத்து மணிக்கு மேல்தளம் நிறையக் கொடி குவிந்துவிட்டது. நாற்றம் அடங்க அதன்மேல் சுண்ணாம்புத் தூள் தூவுவது வழக்கம். மேகலா குனிந்து மூட்டையின் தையலை இழுத்தாள். தையல் வரவில்லை, வெடுக்கென்று இன்னொரு இழுப்பு. மூட்டை வாய் பிளந்தது. அதே நேரம் அணைக்கட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது. வெள்ளையாக ஒரு புகை எழுந்து அவள் முகத்தில் அறைந்தது.

அவள் கத்தவில்லை. அதுதான் சம்பங்கிக்குப் பயமாக இருந்தது. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் விரித்து, எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவள் மாதிரி நின்றாள். அப்புறம்தான், "எரியுதுண்ணா, எரியுதுண்ணா" என்று உட்கார்ந்தாள்.

"தேய்க்காத! கைய எடு!"

துண்டால் தூளைத் தட்டிவிட்டு, குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் ஊற்றினார். முழுசாக ஒன்று, அரையாக ஒன்று. அவ்வளவுதான். கண்ணின் வெள்ளை ரத்தமாகச் சிவந்துகொண்டிருந்தது.

அணைத் தண்ணீர் மேலே பட்டாலே தோல் அரிக்கும். அதனால்தான் தளத்துக்குக் கீழே இருநூறு லிட்டர் தொட்டியில் போர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார்கள். கை கால் கழுவ, படகு கழுவ. அதை மேலே தள்ளுவதற்குத்தான் அந்த பம்ப். சம்பங்கி ஹோஸை அவள் கையில் கொடுத்து சுவிட்சைத் தட்டினார்.

தண்ணீர் பருமனாக வந்தது. பத்து நொடி. அப்புறம் விரல் அளவு, நூல் அளவு, சொட்டு. நின்றது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ராமப்பா, கரைக்கு விடு!"

"விட்டுட்டேன். முன்னாடி பூரா கொடிண்ணா, கால் மணி ஆவும்."

கம்பெனியில் பழகிய வரிசை ஒன்று உண்டு. கரண்டு, காத்து, தண்ணி. எந்த மெஷின் நின்றாலும் அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். மோட்டார் சுற்றுகிறது, கரண்டு இருக்கிறது. காற்று? அங்கே காற்று என்றால் கம்ப்ரஸர். படகில் ஏது கம்ப்ரஸர். தாண்டினார். தண்ணி. பம்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினார். சல்லடையில் ஒரு தூசி இல்லை. ஊதிவிட்டு மாட்டி, சுவிட்ச்.

வந்தது. பத்து நொடி. நின்றது.

"வந்துச்சுண்ணா, ஏன் நிறுத்தினீங்க?"

"நான் நிறுத்தலம்மா."

ஃபில்டரைக் கழற்றினால் வருகிறது, அப்போது அடைப்பு அங்கேதான். மறுபடி கழற்றினார். சல்லடையையே தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கிண்ணத்தை மாட்டினார். பத்து நொடி. நின்றது. ஹோஸ் எங்கும் மடங்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லையா? காலையில் அவரே வழிய வழிய நிரப்பி மூடியை இறுக்கியிருந்தார். மூடியைத் திறந்து அள்ளலாம் என்றால், அதன் வாயில் குழந்தையின் கைகூட நுழையாது.

ராமப்பன் ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளியை அணையில் முக்கித் தூக்கினான். வாளி நிறைய நுரை. "பேக, பேக!" என்றான். அவசரம் வந்தால் 'சீக்கிரம்' என்பதுகூட அவனுக்குக் கன்னடத்தில்தான் வரும். "இதையாவது ஊத்தலாம்ணா!"

"அது வேணாம்ணா," என்றாள் மேகலா. "சம்பங்கிண்ணா, எனக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது."

"இன்னும் ஒரே தடவை. வரலன்னா ஊத்திடு."

மூன்றாவது முறையாகக் கிண்ணத்தைத் திருகினார். அப்போதுதான் காதில் விழுந்தது. முதல் இரண்டு தடவையும் விழுந்திருக்கும், அவர் கேட்கவில்லை. கிண்ணம் கழன்ற நொடியில், தொட்டிக்குப் போகும் குழாய் 'குடக்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூச்சடக்கி முங்கினவன் தலை தூக்கியதும் இழுப்பானே, அப்படி.

காத்து.

தளத்துப் பலகையைப் புரட்டித் தொட்டியின் பக்கவாட்டில் கை வைத்தார். சப்பையாக உள்ளே ஒட்டிப்போயிருந்தது, பட்டினி கிடந்த வயிறு மாதிரி. தண்ணீர் போன இடத்துக்குக் காற்று வரவில்லை, காற்று வராமல் தண்ணீர் வெளியே போகாது. மூடியைப் பிடித்தார். வரவில்லை. துண்டைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினார். 'உஸ்' என்று ஒரு சீறல். தொட்டியின் வயிறு டம்மென்று புடைத்தது.

கிண்ணத்தை மாட்டி சுவிட்சைத் தட்டினார். ஐந்து. பத்து. பதினைந்து. தண்ணீர் நிற்கவில்லை.

கரை வரும்வரைக்கும், கரை வந்து ஆட்டோ வரும்வரைக்கும், அவளைத் தொடையில் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டே இருந்தார். ராமப்பன் வாளியை அணையிலேயே கவிழ்த்துவிட்டு ஓட்டினான்.

ஆட்டோ போன பிறகு சம்பங்கி தொட்டி அருகே வந்து குந்தினார். பித்தளைக் குமிழில் காலையில் வைத்த பொட்டு காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் பெயர்த்தார். அடியில் ஊசிக்கண் அளவு ஓட்டை. எட்டு மாதமாக அதை அவர் ஏதோ ஆணியின் தலை என்றே நினைத்திருந்தார். அது தொட்டியின் மூக்கு. பெயர்ந்த சந்தனத்தின் மேல் அவருடைய கட்டை விரல் ரேகை தெளிவாக இருந்தது.

மேகலாவுக்கு வலது கண் நான்கு நாளில் தெளிந்தது. இடது கண்ணில் மூட்டம் போகப் பத்து நாள் ஆகும் என்றார் டாக்டர், இவ்வளவு நேரம் விடாமல் கழுவியிருக்காவிட்டால் பேச்சே வேறு என்றும் சொன்னார். கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதம் டெஸ்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சம்பங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், தன் பொட்டுதான் காரணம் என்று அவளிடம் சொன்னார். "அடுத்த மாசம் டெஸ்டுக்கு நீங்கதான் வண்டியில கூட்டிட்டுப் போவணும்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் அதே இடத்தில் அதே பொட்டு. ஒருநாளும் நிற்காத தண்ணீர் அன்றைக்கு மட்டும் ஏன் நின்றது?

ஊரிலிருந்து திரும்பிய பாப்பம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், ஒவ்வொரு வெள்ளியும் அவர் இன்ஜினைக் கிளப்பப் போனதும் வளையலில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றி, வெளியே தெரியாதபடி, குமிழ்ப் பொட்டின் நடுவில் குங்குமம் இருக்கும் இடத்தில், அது அடைத்தால் படகு கழுவத் தண்ணீர் வராது என்று அவள்தான் குத்திவிட்டுக்கொண்டிருந்தாள்.