வெளுத்த காய் நிறத்தில் ஒரு ஹால்

ஹாலுக்கு நான் தேர்ந்தெடுத்தது லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை.

போன வாரம் பெயின்ட் கடையில், ஏலக்காய் வியாபாரியான என் கணவர் அந்த நிற அட்டையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். காய் பார்க்கிற அதே பார்வை.

"வெளுத்த காய் கலரால்ல இருக்கு! வீட்டுக்கு வர்றவன் பழைய சரக்குன்னு நெனப்பான். நல்ல பச்சையா எடு."

"அண்ணே, சுவத்த யாரும் ஏலத்துல எடுக்கப் போறதில்ல" என்றார் கடைக்காரர். அவர் புண்ணியத்தில் தப்பித்தேன்.

இன்று காலை பெயின்ட் காய்ந்திருந்தது. இவருடைய கூட்டாளி சாம்பிள் காயோடு வந்தார். பேச்சுவாக்கில் ஒரு கை காயை அள்ளிச் சுவர்ப் பக்கம் நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ளே, இந்தச் சுவத்துக்கிட்ட காய் என்ன பச்சையா தெரியுது பாரு!"

மதியத்துக்குள் ஹாலில் மூன்று மூட்டை. சோபா வாசலுக்குப் போய்விட்டது. வருகிறவர்கள் எல்லோரும் சுவரோரம் நின்று காயைப் பார்க்கிறார்கள். சுவர் நன்றாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அடுத்து படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஏலக்காய் மட்டமாகத் தெரிகிற நிறம் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.